கரடி சம்பாதித்த பணம்

மருந்துக்கடைக்காரரின் மாப்பிள்ளை வெளிநாட்டில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சூப்பர்வைசர் என்றுதான் சொந்தபந்தம் அத்தனையும் நம்பியிருந்தது. ஏசி அறை, சுழல் நாற்காலி, கீழே வேலை செய்ய ஆட்கள் என்று போனில் அவரே அள்ளிவிட்டிருந்தார்.

உண்மையில் அவர் அந்தப் பூங்காவின் கரடி. உடம்பெல்லாம் பஞ்சு அடைத்த பழுப்பு உடை, அதற்கு மேல் அண்டா மாதிரி ஒரு தலை. கரடியின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். உள்ளே வெந்துகொண்டே குழந்தைகளுக்குக் கையாட்டுவார். ஆனாலும் அந்த நடையில் அவருக்குத் தனிப் பெருமை. கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பழகிய நடை அது. தான் ஒரு கலைஞன் என்ற எண்ணத்தை மனதுக்குள் பொத்தி வைத்திருந்தார்.

முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்க விடுப்பில் வந்தவர், அந்த வருடத்தில் பாதிக்கு மேல் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவ்வளவு காலம் இங்கே இருந்தால் அங்கே வாங்கிய சம்பளத்துக்கும் இங்கே வரிக்கணக்குக் காட்ட வேண்டும் என்று வரி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சத்தமில்லாமல் தனியாகப் போய்வந்துவிடலாம் என்று பார்த்தார். மனைவி முதலில் கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை ஏமாந்த ஆள் என்று மாமனாரும் கடையைப் பூட்டிவிட்டு ஒட்டிக்கொண்டார்.

பெண் அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் அதைக் கட்டினால் போதும் என்றார். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பூங்காவுல, மேடம். விலங்குப் பிரிவு."

மாமனார் குறுக்கே புகுந்து சூப்பர்வைசர் என்று எடுத்துக்கொடுத்தார். தப்பாகச் சொன்னால் அபராதம் வரும் என்று அதிகாரி நிமிராமலே சொன்னார். மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"இல்லங்க மேடம். அந்த விலங்கே நான்தான்."

"எந்த விலங்கு?" என்று கேட்டது மனைவி.

"கரடி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா எங்கிட்டயும் கரடிதான் விட்டுட்டிருந்தீங்க."

அதிகாரிக்கோ வேறு கவலை. கரடி சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியரா, மேடைக் கலைஞரா? கலைஞர் என்றால் கணக்கு வேறு, வரியும் கொஞ்சம் கூடும். அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளேயிருந்த மேலதிகாரியை அழைத்துவந்தார். அவர் விஷயத்தைக் கேட்டு, கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார்.

மாப்பிள்ளை பீரோவிலிருந்து ஜன்னல்வரை இடுப்பை ஆட்டி, பாதம் தேய்த்து, உயிரைக் கொடுத்து நடந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஊழியர்னே எழுதிக்கம்மா," என்றார் மேலதிகாரி. "கலைஞர் மாதிரி தெரியல."

வரி குறைந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவர் முகம் தொங்கிப் போய் நின்றார். "தரை வழுக்குது சார். இன்னொரு தடவ நடக்கறேன்."

"கலைஞர்னா கூடுதலா கட்டணும், தெரியுமில்ல?"

"கட்டறேன் சார்."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மானம் போகிறது, வாங்க போகலாம் என்று முனகியபடி மாமனார் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். கடையில் நின்று நின்று கால் வளைந்த மனிதர். தோள் ஒருபக்கம் சாய, கால் ஒருபக்கம் அரைவட்டம் போட, அசைந்து அசைந்து போனார்.

மேலதிகாரி அவரைக் கைகாட்டினார். "கரடின்னா அது கரடி."

மிச்ச வரியை ஊழியராகவே கட்டினார் மாப்பிள்ளை. விடுப்பு முடியும்வரை தினமும் மருந்துக்கடையில் போய் உட்கார்ந்து, மாத்திரை எடுக்க அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடக்கும் மாமனாரையே கண் கொட்டாமல் பார்த்தார். முதலில் எரிந்து விழுந்த மாமனார், போகப்போக, கேட்காமலே இரண்டு தடவை கூடுதலாக நடந்தார்.