எண்ணாமல் எழுதிய இருபது

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. காய்ச்சலைப் பார்த்து எழுது, நாடியைப் பிடித்து எழுது, மூச்சுக்கு மட்டும் இருபது என்று போடு. யாரும் வாய்விட்டுச் சொல்லித்தரவில்லை. முப்பது பேர் படுத்திருக்கும் வார்டில் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் ஒரு நிமிஷம் நின்று மூச்சை எண்ண யாருக்கு நேரம்? ஆபரேஷன் ஆனவர், ஆகப்போகிறவர், எல்லாருமே எங்கள் சார்ட்டில் நிமிஷத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு இன்சார்ஜ் ஆனேன். என் வாய்க்குப் பயந்தே வார்டு பளிச்சென்று இருக்கும். சார்ட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலும் மெமோதான். அதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போங்கள்.

ஒருநாள் காலை சார்ட்டைப் புரட்டினால் ஆறாம் பெட்டில் மூச்சு முப்பத்தி நாலு. மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண், சிசேரியன் ஆகி நாலாம் நாள், மதியம் வீட்டுக்குப் போக வேண்டியவள். எழுதியிருந்தது திருவெண்ணெய்நல்லூர்க்கார நர்ஸ். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறாள் என்று நானே மேலே புகார் செய்திருந்தேன்.

“இன்னாம்மா இது? உன் வாட்ச் ஓடுதா, நின்னுடுச்சா? வீட்டுக்குப் போற கேஸுக்கு முப்பத்தி நாலா? அடிச்சிட்டு இருபதுன்னு போடு!”

“வாட்ச் நல்லாதாங்க ஓடுது சிஸ்டர். அவங்க பேசும்போதே பாதியில நிறுத்தி மூச்சு வாங்கிக்கினு இருக்காங்க. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். வேணும்னா நீங்களே வந்து எண்ணுங்க.”

வார்டே எங்களைப் பார்த்தது. எனக்குச் சுருக்கென்று ஏறியது. எண்ணிக் காட்டி இவள் மானத்தை வாங்குகிறேன் என்ற கோபத்தில்தான் ஆறாம் பெட்டுக்குப் போனேன்.

“எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்... மத்தியானம்... ஊட்டுக்குப் போறேன்...” என்றாள் அந்தப் பெண். அவ்வளவு சொல்வதற்குள் இரண்டு தடவை நின்றாள். நான் வாட்சைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தி ஆறு.

டாக்டருக்குப் போன் போட்டேன். “மூணு நாளா சார்ட்ல இருபதுன்னுதானே இருக்கு? வீட்டுக்குப் போற பதட்டமா இருக்கும். ஓ.பி. முடிச்சிட்டு வர்றேன்” என்றார்.

ஓ.பி. முடிய மதியம் ஆகிவிடும். சார்ட் என் கையில்தான் இருந்தது. நேற்று சாயங்காலத்து இருபதுக்குக் கீழே என் கையெழுத்து. ஆள் குறைவாக இருந்ததால் நானே எழுதியது. சொன்னால் வேலையே போகலாம்.

“சார், அது பொய் இருபது. நான் எண்ணாம எழுதினது. மூணு நாளா யாருமே எண்ணலைன்னு நினைக்கிறேன். உடனே வாங்க சார்.”

அவர் இரண்டு நிமிஷத்தில் வந்து நின்றார். போர்வையை விலக்கினார்; ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. அங்கே உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்க வேண்டும் என்றார். ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். கூடவே உட்கார்ந்து போனது அந்தத் திருவெண்ணெய்நல்லூர்க்காரிதான். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பஸ்ஸிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். மகராசி, பிழைத்துக்கொண்டாள்.

என் வேலை போகவில்லை. டாக்டர் திட்டிய திட்டு மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவர் திட்டாமல் விட்டிருந்தால்தான் எனக்கு மனசு ஆறியிருக்காது. அந்த நர்ஸிடம் நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்கு நாலு நாள் ஆயிற்று.

நன்றி சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சிஸ்டர், ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கி ஆறாம் பெட்டுக்கு மட்டுந்தான் எண்ணினேன். மத்த எல்லாருக்கும் நானும் இருபதுன்னுதான் போட்டேன்.”

“அடிப்பாவி! இத ஏன் இப்ப வந்து சொல்ற?”

“நீங்க போன்ல சொன்னதக் கேட்டேனுங்க. அதுக்கப்புறம் உங்கள்ட்ட சொல்ல பயமா இல்ல.”

நான் இன்சார்ஜ் ஆனதிலிருந்து ஒருத்தி தானாக வந்து தன் தப்பை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.