நேர்ந்து விடாத மான்கள்

திருப்பூரிலிருந்து மங்கலம் போகிற வழியில் ஓர் ஓடை இருக்கிறது. அதன் கரையில் உள்ள சீமைக் கருவேலங்காட்டில் இப்போது புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. ஆனைமலையிலிருந்து வழி தவறி வந்தவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவை வழி தவறி வரவில்லை. நான்தான் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நல்லூரில் எனக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் வெளிநாட்டுக்காரர்களுக்கு நானே கடிதம் எழுதினேன், நானே ஆர்டர் பிடித்தேன். துணி பார்க்க வருகிறவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவோம். ஒரு கம்பெனிக்காரர் தோட்டத்தில் குதிரை நிற்கும், இன்னொருவர் வாத்து வளர்ப்பார். எனக்கு மான் வேண்டும் என்று ஆசை வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருந்த நண்பர் ஒருவர் ஆண்குட்டி ஒன்றும் பெண்குட்டி ஒன்றும் பிடித்துக் கொடுத்தார். அது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

அந்த ஓடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் அவற்றை விட்டேன். வந்த வெள்ளைக்காரர்கள் வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு பக்கத்து ஊரில் மான் வளர்த்த ஒருவரை வனத்துறைக்காரர்கள் பிடித்துப் போனார்கள். மறுநாள் காலை நான் தோட்டத்துக்குப் போய்ப் படலைத் திறந்துவிட்டேன்.

மான்கள் வெளியே போவதைப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டார்; மானாவாரி நிலத்தைக் காடு என்பது எங்கள் வழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். களை கொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னுங் தம்பி, மான் போகுது, படலத் தொறந்துட்டு நிக்கறீங்க?"

"நேர்ந்து விட்டுட்டனுங்ணா. கருப்பராயனுக்கு."

நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அவர் மேற்கொண்டு கேட்கக்கூடாது, வெளியே பேசக்கூடாது என்ற பயத்தில் வாயில் வந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று எனக்கும் தெரியும். சாமிக்கு நேர்ந்து விட்ட உருப்படியை யாரும் அடிக்கமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். எந்தக் காட்டில் வாய் வைத்தாலும் சாமி வாய் வைத்ததாகத்தான் கணக்கு. அண்ணன் களைக்கொத்தைக் கீழே போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓடைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

மான்கள் ஓடையிலேயே தங்கின. பெண்மான் வருடம் தவறாமல் குட்டி போட்டது, குட்டிகளும் குட்டி போட்டன. ஓடைக்கு முதலில் இருப்பது அண்ணன் காடு. கடலை முளைத்து இரண்டு இலை விட்டால் விடியற்காலையில் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். தட்டைப்பயறு பூவெடுக்கும்போது வரும். சோளக் குருத்தை விடவே விடாது. மற்ற காட்டுக்காரர்கள் கவணில் கல் வைத்து அடித்து விரட்டினார்கள். அவர்களிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. என் வேண்டுதலை ஊரில் பரப்பக்கூடாது என்று நினைத்திருக்கிறார். ஆக, எல்லா மானும் அவர் காட்டுக்கே வந்தன.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஏனுங் தம்பி, சாமி உங்களுது, சோளம் மட்டும் எங்களுதுங்களா? உங்க கம்பெனியில நாலு பனியன மேஞ்சுட்டுப் போகச் சொல்லுங்களேன்!"

"சும்மா இரு புள்ள," என்பார் அண்ணன். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொடர்ந்து மூன்றாவது வருடமாக அவர் காட்டில் விளைச்சல் வீடு வரவில்லை. ஒருநாள் கம்பெனிக்கே வந்தார். கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்கப்படாது. பூக் கேட்டுப் பாக்கலாங்களா? மான வெரட்டி முடுக்கறதுக்குச் சாமி உத்தரவு குடுத்துட்டா, அப்பறம் குத்தமில்லீங்களே. நேந்தவிய நீங்க, நீங்க வந்துதான் கேக்கோணும்."

பூக் கேட்பது என்றால், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள்; பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இரண்டு பொட்டலத்தில் ஏதோ ஒன்று கைக்கு வரும், அவ்வளவுதான் என்று நினைப்பவன். அன்றைக்கு அந்த டேபிளுக்குப் பக்கத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மான் குட்டிகளை வாங்கியது வெளியே வந்தால் வழக்கு வரும், வழக்கு வந்தால் ஆர்டர் போகும் என்று பயந்தேன். வெள்ளை வந்துவிட்டால் பொய்யும் நிற்கும், அவர் காடும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கோயிலில் நின்று, நான் நேர்ந்து விட்ட மானை இவர் விரட்டலாமா என்று என் வாயால் கேட்டேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

கூட வந்திருந்த அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கலங்கவில்லை. "செரீங் சாமி," என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்தக் காட்டை ஒரு சாயப்பட்டறைக்காரருக்கு விற்றார்கள். நல்லூரில் வாடகைக்கு ஒரு லைன் வீடு பிடித்தார்கள். அக்கா ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டப் போனார். அண்ணன் இன்னொரு கம்பெனியில் பெட்டி கட்டினார்.

ஆறேழு வருடம் கழித்து என் மனைவி இறந்தபின் என்னால் தூங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பனியன் தைப்பவர்.

"சாமி கோழி கேக்கும், கெடா கேக்கும். ஒங்க சாமி காட்டையே கேட்டுட்டாராக்கும் அண்ணாச்சி?"

"கேட்டாருங்க, குடுத்துட்டனுங்க," என்றார் அண்ணன். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "எல்லார்கிட்டயும் கேப்பாருங்களா?"

அந்தப் பெருமையைப் பார்த்தபிறகாவது நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து, வேன் முதல் கோயில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதலே கிடையாது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசாவது எனக்கே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்ப அன்னிக்கிச் செவப்பு வந்துதேங் தம்பி. அது எதுக்குங்?"

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணன் விடவில்லை.

"படிச்சவிய. நீங்களே சொல்லுங்க. நேரவே இல்லாததுக்கு அவரு எதுக்குங் வேண்டாம்னாரு?"

"டீ ஆறுதுங் தம்பி," என்றார் அக்கா. "குடிச்சுட்டுக் கெளம்புங்க."

காட்டை அண்ணன் ஏற்கெனவே இழந்திருந்தார். சாமிக்குக் கொடுத்தோம் என்ற ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. என் பாரத்தை இறக்கிவைக்கப் போன நான் அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று கருப்பராயனுக்குப் பொங்கல் வைப்போம். ஊரை விட்டுப் போனவர்களும் அன்று வந்துவிடுவார்கள். அந்த வருடம் அக்கா மட்டும் வந்தார். மூன்று கல்லைக் கூட்டித் தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வரலீங்களாக்கா?"

"அவருக்கு லீவு கெடைக்கலீங் தம்பி."

பொங்கலுக்குத் திருப்பூரில் ஒரு கம்பெனியும் ஓடாது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். "அப்பிடீங்களா," என்றேன். காற்றுக்கு அடுப்பு அணைந்து அணைந்து போனது. என்னை ஊதச் சொல்லாமல் அவரே குனிந்து ஊதினார்.