மதிய வெடி

பெரம்பலூர் வீட்டில் அப்பாவுக்கென்று ஏசி போட்ட தனி அறை. கெட்டித் திரை, சத்தம் நுழையாத சன்னல். அப்படியும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. "நல்லாதாம்மா தூங்குறேன். கனவுதான் ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது," என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. கனவுக்கு நான் எங்கே போவது?

இன்று மதியம் அப்பா தூங்கும்போது கரண்ட் போனதும், அவர் அறைச் சன்னலைத் திறந்துவிட்டேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கடக்க, கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. எனக்குத் தெரிந்த அதிர்வு.

நான் சின்னவளாக இருந்தபோது அரியலூரில் அப்பாவுக்கு சிமெண்டு ஆலையில் இரவு வேலை. பகலில் சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, புழுக்கத்தில் வியர்த்துக் கிடப்பார். மதியம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தரை அதிரும், அலமாரித் தட்டுகள் குலுங்கும், அப்பா திடுக்கிட்டு விழிப்பார். கண்ணைத் திறக்காமலே, மறப்பதற்குள் சொல்லிவிடுவார்: "செல்வம் வந்திருந்தான். கனவுன்னு எனக்கே தெரிஞ்சுது. முழிச்சுடக் கூடாதுன்னு மெதுவா பேசிட்டிருந்தேன்."

செல்வம் என் தம்பி. காய்ச்சலில் இறந்துபோனவன். நான் பாயில் ஒட்டிக்கொண்டு கேட்பேன். அம்மா கிட்டே வரமாட்டாள். அடுக்களையில் பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் நின்றுவிடும். "போன புள்ளைய ஏன் தெனம் கூப்புடுறீங்க?" என்று ஒருநாள் கத்தினாள்.

இன்று லாரி கடந்ததும் அப்பா அதேபோல் திடுக்கிட்டார். கண் திறக்கவில்லை.

"வந்தான்," என்றார்.

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்ன சட்டை போட்டிருந்தான்?"