ஹட்டன் மாடியில் நான் பூட்டிவைத்த கொப்பி

இன்று காலை எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், புதிதாகச் சேர்ந்த சட்டத்தரணிப் பிள்ளை ஒரு செய்தி போட்டிருந்தாள். ஒரு வழக்கின் தவணைத் திகதியைப் பிழையாகக் குறித்துவிட்டாளாம், நீதிமன்றத்தில் ஏச்சு வாங்கினாளாம். "நான் விட்ட பிழைய நீங்க யாரும் விட்றாதீங்க" என்று முடித்திருந்தாள். கீழே நான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். என்ன துணிச்சல் இந்தப் பிள்ளைக்கு! எங்கள் நாளில் இப்படி எழுதுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருப்போம்.

எங்கள் நாள் என்றால், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டுக் கடையின் மேல்மாடியில் நான் தொழில் தொடங்கிய நாள். படியேறும்போதே நெத்தலி வாசம் கூடவே வரும். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் விண்ணப்பத்திலும் அது மணக்குமோ என்று எனக்கு எப்போதும் பயம். அலுவலகத்தை நடத்திய மூத்த சட்டத்தரணி பெரிய சேருக்குக் கீழே நாங்கள் நாலு இளம் சட்டத்தரணிகள். ஆளுக்கொரு இரும்பு அலுமாரி, ஆளுக்கொரு கொப்பி. எந்தத் தேயிலைத் தோட்டத்துத் துரை எப்படிப் பேசுவார், எந்த வாதம் எங்கே எடுபடும் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில்தான். அடுத்தவர் பார்க்கக் கூடாது. கொப்பி கனமானால்தான் பெரிய சேர் நல்ல வழக்கைக் கையில் தருவார் என்று நம்பினோம். நான் அலுமாரிச் சாவியை வெள்ளைச் சேலையில் ஊக்குக் குத்தி மாட்டிக்கொண்டு, சாப்பிடும்போதுகூடத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே இருந்தது நாற்பது பக்கக் கொப்பி, ஏதோ பொக்கிஷம் மாதிரி!

அதில் ஒரு பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவருக்காகத் தொழில் நியாயசபையில் விண்ணப்பம் போட்டேன். தோட்ட வாசல் பலகையில் இருந்த கம்பனியின் பெயரையே எதிராளியாகப் போட்டேன். வேறு யாரைப் போடுவது? அந்த வாரம் பஸ்ஸில் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த தோட்டத்துக் கிளாக்கர், சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார், மேல் டிவிசனை மட்டும் இன்னொரு கம்பனி பொறுப்பெடுத்துக் கொஞ்ச நாளாகிறது, பலகையை மட்டும் மாற்றவில்லை என்று. எனக்குக் குளிர் எடுத்தது. வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சரியான முதலாளிமேல் விண்ணப்பம் போகாவிட்டால் வழக்கே இல்லை. அடுத்த நாளே ஓடிப்போய்ப் புதிதாகப் போட்டேன், தப்பினேன். யாருக்கும் மூச்சு விடவில்லை. கொப்பியில் மட்டும் எழுதிப் பூட்டினேன்.

அடுத்த வருஷம் அதே மேல் டிவிசனிலிருந்து ராஜம்மா வந்தார். கொழுந்து பறித்தவர், கங்காணியோடு ஏற்பட்ட வாய்த்தகராறில் வேலை போய்விட்டது. வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவையும் விடவேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "சோதனை முடியிற வரைக்குமாவது அந்தக் காம்பரா இருந்தாப் போதுங்க மிஸ்" என்றார் என்னிடம். ஆனால் வழக்கைப் பெரிய சேர் ரிஸ்வானிடம் கொடுத்தார்.

ரிஸ்வான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர். கெட்டிக்காரர், அதுதான் எனக்கு எரிச்சல். அவர் போட்ட விண்ணப்பத்தின் பிரதி பிரிண்டரில் கிடந்ததைப் பார்த்தேன். எதிராளி, வாசல் பலகையில் இருந்த அதே கம்பனி. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. ஆனால் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், என் பிழையும் வெளியே வரும். நாலு பேரில் ஒருவரை அலுவலகத்தில் தன் தொழில் பங்காளியாகச் சேர்க்கப்போகிறேன் என்று பெரிய சேர் அப்போதுதான் சொல்லியிருந்தார். நாளைக்குச் சொல்லுவோம் என்று முதல் வாரம் போயிற்று. பெரிய சேர் கண்டுபிடிப்பார் என்று இரண்டாவது வாரம். மூன்றாவது வாரம் ரிஸ்வானின் மேசைவரைக்கும் இரண்டு தடவை போனேன். ஒருதரம் ஸ்டேப்ளர் கேட்டேன். ஒருதரம் மழையைப் பற்றிப் பேசினேன். கடைசி நாள் பின்னேரம் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார், நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராஜம்மா எங்கள் தொழிலாளியே இல்லை என்று கம்பனி பதில் போட்டது. விண்ணப்பம் தள்ளுபடி. மேன்முறையீடும் நிற்கவில்லை. ராஜம்மா வாங்கில் உட்கார்ந்து கேட்டார்.

"எங்கங்க பிழை நடந்துச்சு?"

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா. என் பிழைதான்" என்றார் ரிஸ்வான்.

ராஜம்மாவை அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மிஸ், உங்களுக்கு முந்தி இந்த மாதிரி ஒரு கேஸ் வந்துச்சில்ல? அப்பவும் இப்படியா?"

"இல்லையே" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

பங்காளியாகச் சேர்க்கப்பட்டது நான்தான். ரிஸ்வான் அந்த வருஷமே தொழிலை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனார். போய் நாலாம் வருஷம் அங்கேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

போன மாதம் வேறொரு வழக்குக்காக மேல் டிவிசனுக்கு ஏறினேன். லயம் இல்லை, கூரைத் தகரத்தைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேயிலை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காடாகிவிட்டது. ராஜம்மா குடும்பத்தைப் பற்றிக் கூட வந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயாவிடம் விசாரித்தேன். "காம்பராவ விட்டுட்டு கொழும்புப் பக்கம் போனாங்க மிஸ். அந்தப் புள்ள சோதனை எழுதல" என்றார். இப்போது எங்கே என்று கேட்டேன். அது இங்கே யாருக்கும் தெரியாது என்றார்.