இரண்டு தாள்களும் பொருந்தாத மூலை

திகனவில் எங்கள் பழைய வீட்டைத் திருத்தி வரைந்தவர்கள் ஸ்பெயினைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்கள், கணவனும் மனைவியும். கண்டியில் ஒரு மாதம் வகுப்பெடுக்க வந்திருந்தார்கள். அந்த நாட்டில் வேலை செய்யும் என் தம்பியின் பழக்கத்தால் இந்தச் சின்ன வேலைக்கும் இணங்கினார்கள்.

முன்பு செய்தவற்றின் படங்களைக் காட்டினார்கள். ஒரு தானியக் களஞ்சியம் நூலகமாகியிருந்தது. ஒடுங்கிய தெருவொன்றில் நடுமுற்றத்தோடு ஒரு வீடு. எல்லாவற்றிலும் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருந்தன. எது யார் வரைந்தது என்று கேட்டேன். தங்களுக்கே மறந்துபோகும் என்றார் கணவர்.

அவர்கள் வேலை செய்யும் முறை எனக்குப் புதிது. வீட்டாரைத் தனித்தனியே விசாரித்து, தனித்தனியே வரைந்து, கோடுகள் ஊடே தெரியும் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். பொருந்தியதைக் கட்டலாம். பொருந்தாததைப் பேச வேண்டும்.

கணவர் என்னோடு ஹோலில் இருந்தார். அவருடைய மனைவி குசினியில் என் மனைவியோடு. என் மனைவி ஆங்கில ஆசிரியை. அவர்கள் பேச்சு பகல் பன்னிரண்டே கால் வரை நீண்டது. நான் கேட்டது ஒன்றுதான்: டயரி எழுத ஓர் அறை. இருபத்திரண்டு வருடங்களாகச் சாப்பாட்டு மேசையில் கோப்பைகளைத் தள்ளிவைத்துத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தாள்களை வைத்துப் பார்த்தோம். கிழக்கு மூலை மட்டும் பொருந்தவில்லை. கணவரின் தாளில் அங்கே என் அறை. அவருடைய மனைவியின் தாளில் ஒரு கதவும் ஒரு நடைவழியும். அளவு பிழைத்துவிட்டது என்று நினைத்து இருவரும் தூறலில் இறங்கி அந்தப் பக்கச் சுவர் முழுவதையும் மறுபடி அளந்தார்கள். அதே நீளம்தான் வந்தது.

என் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அளவுல பிழையில்ல. ஹோல்ல நீங்களும் ஒங்கட கூட்டாளிமாரும் இருந்தா, பொம்புளைங்க எந்தப் பக்கத்தால வாற?"

"அவங்க எப்பவாவதுதானே வாறாங்க."

"எங்க, ஒங்கட டயரியப் பாருங்களே."

பார்த்தேன். என்னைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் வந்த நேரத்தோடு அதில் இருந்தார்கள். அவளைத் தேடி வந்த பெண் ஒருத்திகூட இல்லை. எப்படி விட்டேன் என்று அறியும் ஆவலில், அடுத்த ஏழு நாளும் அவளைக் கேட்டுக் கேட்டுக் குறித்தேன். பதினொரு பேர். எல்லோரும் தண்ணீர்த் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே, பாசி வழுக்கும் இடைவெளியில் பக்கவாட்டாக நடந்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி.

கதவையே வரையுங்கள் என்றேன். நிச்சயமா என்று கணவர் இரண்டு முறை கேட்டார். அவருடைய மனைவி கேட்டது எவ்வளவு அகலம் என்று மட்டும்.

என் மனைவி அலுமாரியிலிருந்து சஹனை எடுத்து வந்தாள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. சோறு நிறைந்த சஹனோடு ஒருத்தி பக்கவாட்டாகத் திரும்பாமல் நேரே நுழைய வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கினாள். ஸ்பெயின்காரரின் மனைவி அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க, மறு நுனியை நான் பிடித்தேன். தட்டை மட்டும் அளந்தால் போதாது, முழங்கைகளையும் சேருங்கள் என்றாள் என் மனைவி.