கஸ்மாலம் என்று நான் கத்திய நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷின்காரன் என் கூட்டாளி. குமணன்சாவடியில் சேர்ந்துகொண்டு இருவரும் சைக்கிளில் வருவோம்.

பிரஸ் இறங்க இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அமுக்க வேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்களுக்கோ பீஸ் கணக்கில் கூலி. அதனால் ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிட்டு, மற்றதை மட்டும் தட்டி ஓட்டுவோம். ஷாப் முழுக்க இதுதான் நடப்பு.

ஒரு நாள் அவனுடைய இடது கை தகட்டோடு உள்ளே இருக்கும்போதே வலது கை பட்டனுக்குப் போனது. "கஸ்மாலம், கைய எட்றா" என்று கத்தினேன். கை தப்பியது. சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி குச்சியைப் பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கி, மூன்று நாள் வேலை கிடையாது என்று அவனை அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவன் என்னோடு பேசவில்லை. சைக்கிளில் தனியாகப் போனான். கை போகாமல் காப்பாற்றியவனிடம், ஒரு வார்த்தைக்காக இவ்வளவு ரோஷமா என்று எனக்கும் கோபம். ஆனாலும் அவன் இல்லாமல் அந்த ரோட்டில் போகவே பிடிக்கவில்லை.

எங்கள் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு வடமொழி தெரியும். அவரிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். "கச்மலம்னு சமஸ்கிருதத்துல இருக்கு. அழுக்குன்னும் சொல்லுவாங்க. புத்தி மயங்கி, என்ன செய்யறோம்னு தெரியாம நிக்கறதுக்கும் அதான் பேரு" என்றார். ரிக்‌ஷா ஸ்டாண்டில் புழங்குகிற வசவுக்கு இப்படி ஒரு பூர்வீகமா என்று சிரித்துக்கொண்டேன்.

சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் அவனை மடக்கி எல்லாவற்றையும் விளக்கினேன். "உன்ன அசிங்கமா திட்டல மச்சான். புத்தி மயங்கி நிக்கிறவன்னுதான் அர்த்தம்."

அவன் டயரை அமுக்கிப் பார்த்தபடியே சொன்னான். "அது கெடக்குது. எங்கம்மா ஊட்ல தெனம் என்ன அப்டிதான் கூப்புடுது. மேஸ்திரி வர்துக்குள்ள உன் மிஷின்ல இர்ந்த குச்சிய புடுங்கி ஜோபில போட்டுகினியே, அத்த நான் பாத்துகினுதான் இர்ந்தேன்."

அதைப் பிடுங்கியபோது என் புத்தி கொஞ்சம்கூட மயங்கியிருக்கவில்லை.