மைனஸ் மூன்றின் வர்க்கம்

உள்ளங்கை வியர்வையில் கிராஃப் தாள் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுத்தால் 'சர்க்' என்று ஒரு சத்தம் வரும். இப்போதும் அதைக் கேட்டால் தாம்பரத்தில் பத்தாம் வகுப்பு படித்த அந்தக் கோடைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. "பக்கத்துல உக்கார்றவ ஒன் பேப்பரத்தான் பாப்பா, பைய நடுவுல வெச்சுக்கோ" என்று டெஸ்ட் தவறாமல் சொல்லி அனுப்புவார். நானும் பையைத் தடுப்பாக வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தேன்மொழி, ஆறாம் வகுப்பிலிருந்தே என் சிநேகிதி. பதினொன்றில் கணிதப் பிரிவில் சேர வேண்டும் என்பது அவளுக்கு ஒரே ஆசை. காப்பி அடித்துப் பிடிபட்டவர்களுக்கு எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு கிடையாது.

அன்றைக்கு டெஸ்டில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் வந்தது. கிண்ணம் மாதிரி இரண்டு பக்கமும் ஏற வேண்டிய வளைகோடு என் தாளில் இடப்பக்கம் மட்டும் சறுக்கி விழுந்திருந்தது. மைனஸ் மூன்றின் வர்க்கத்துக்கு மைனஸ் ஒன்பது என்று போட்டிருந்தேன், மடச்சி! தேன்மொழியின் தாளிலும் அதே எண், அதே சறுக்கல்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு. யாருடி யாரப் பாத்துப் போட்டீங்க?" என்றார் கணக்கு மிஸ்.

"நான் பாக்கல மிஸ். அவதான் எட்டி எட்டிப் பாத்தா" என்றேன். அவள் எட்டிப் பார்த்து நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் பார்த்திருப்பாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

"இன்னாடி இப்டி சொல்ற? சத்தியமா நான் பாக்கல மிஸ்!" என்று கத்தினாள் தேன்மொழி. நான் முதல் ரேங்க் வாங்குகிறவள் என்பதால் மிஸ் என்னைத்தான் நம்பினார். அவள் பெயர் தலைமையாசிரியையிடம் போனது. அடுத்த வருஷம் அவள் வேறு பள்ளியில் வேறு பிரிவில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் செய்த வேலைக்கு அது சரிதான் என்றே நினைத்தேன், பாவி.

இன்று பெரும்பாக்கத்துப் பள்ளியொன்றில் நானே கணக்கு மிஸ். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை மரத்தடியில் ஆளுக்கொரு மூலையாகத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். திருத்த உட்கார்ந்தால், பாதிப் பிள்ளைகளின் தாளில் அதே மைனஸ் ஒன்பது, அதே சறுக்கல். யாரும் யாரையும் பார்த்திருக்க வழியில்லை. அடைப்புக்குறி போடாமல் வர்க்கம் எடுக்கிற பிள்ளைக்குத் தானாகவே வருகிற தப்பு அது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தேன்மொழியின் வீட்டைத் தேடிப் போனேன். ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த அந்தச் சந்தே இல்லை, ஐந்து மாடிக் குடியிருப்பு நின்றது. பெயரைச் சொல்லி விசாரித்தேன். "அப்டி யாரும் இங்க இல்லியேம்மா" என்ற வாட்ச்மேன், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா கேட்டாண்ட நிக்காதீங்க. நீங்க யாரு, இன்னாத்துக்கு அவங்களத் தேடுறீங்க?"

திரும்பி நடந்தேன். நான் தெருமுனை திரும்பும்வரை அவர் கண்ணை எடுக்கவே இல்லை.